மட்டமான ரோடு

மாதப்பன் மேஸ்திரிக்கு வேண்டியதெல்லாம் முப்பது சொச்சம் கிலோமீட்டர் மட்டமான ரோடும் ஐந்து நாள் லீவும்தான். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் இதைவிடக் குறைவாக ஆசைப்பட முடியாது.

"எதுக்கு மேஸ்திரி லீவு?" என்று கேட்டார் இன்ஜினியர் சந்திரமோகன், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"மட்டமான ரோட்டுல சைக்கிள் ஓட்டணுங்க சார்."

"அதுக்கெதுக்கு லீவு? நம்ம சைட்டுக்கு வர்ற ரோட்டை விட மட்டமான ரோடு தர்மபுரி மாவட்டத்துலயே கெடையாது."

"அந்த மட்டம் இல்லீங்க சார். ரசமட்டம் வெச்சா குமிழி நடுவுல நிக்குமே, அந்த மட்டம்."

முப்பது வருஷம் சாரம் ஏறி இறங்கிய முட்டிகள் அவருடையவை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, "மேடு ஏறாதீங்க. மட்டமான ரோட்டுல மெதுவா சைக்கிள் ஓட்டுங்க" என்று எழுதிக் கொடுத்திருந்தார். டாக்டர் வெளியூர்க்காரர் போலிருக்கிறது. நல்லம்பள்ளியில் பிறந்த யாரும் அப்படி எழுத மாட்டார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஒன்று மேடு, இல்லாவிட்டால் திரும்பி வரும்போது மேடு.

மேஸ்திரி எதையும் அளக்காமல் நம்புகிறவர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசமட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய், ஊரைச் சுற்றியுள்ள ரோடுகளில் குப்புறப் படுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். குமிழி ஓரிடத்திலும் நடுவில் நிற்கவில்லை. ரோட்டுக்குக் குறுக்கே யாரோ சுவர் எழுப்பப் போகிறார்கள் என்று பஞ்சாயத்துக்குப் புகார் போனதுதான் மிச்சம்.

சந்திரமோகன் சிரித்துவிட்டு, செல்போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். அவர் பாண்டிச்சேரியில் படித்தவர்.

"இங்க பாருங்க. பாண்டியில இருந்து மரக்காணம் வரைக்கும். ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, உப்பளம். இன்னொரு பக்கம் கடல். ரோட்டோட ஏத்த எறக்கம் இந்தக் கோடுதான்."

கோடு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. செத்துப்போனவன் நெஞ்சில் மெஷினை ஒட்டினால் வருகிற கோடு மாதிரி நேராகப் போயிற்று. மேஸ்திரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கோடு போடத்தானே அவர் முப்பது வருஷமாக ஒவ்வொரு சுவராகப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்.

"கடலுங்களா சார்?"

"ஆமா. ஏன், பாத்ததில்லையா?"

மேஸ்திரி இல்லை என்று தலையை ஆட்டினார். "சரி, ராணியம்மா வூட்டு மாடி ரூமுக்கு மட்டம் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க" என்று லீவு கிடைத்தது.

கடலைப் பார்க்காததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தின் பெயர் தீர்த்தம்மாள்.

கல்யாணமான புதிதில், சேலத்துக்குப் போவதற்காக இருவரும் தர்மபுரி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே சின்னதாக ஏதோ எழுதியிருந்தது. அது என்ன என்று தீர்த்தம்மாள் கேட்டாள். கடல் மட்டத்துக்கு மேலே இந்த ஊர் இத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம் என மாதப்பன் விளக்கினார். அப்போது அவர் சித்தாள் நிலையிலிருந்து கொத்தனாராகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மட்டம் என்று யார் பேச்செடுத்தாலும் மார்பு விரியும்.

"அப்ப ஜீரோ எங்கீங்க இருக்குது?"

"கடல்ல."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"நானுமில்ல. ஒரு நா ரெண்டு பேரும் சேந்து போயிப் பாக்கலாம். நீங்க மட்டும் என்னை விட்டுட்டுப் போயிப் பாத்துடாதீங்க."

"நீயும்தான்."

கையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டார்கள். அதற்குள் ரயில் வந்துவிட்டது. அது சேலத்துக்குப் போகிற ரயில்.

பிறகு மாடு வந்தது, மகள் பிறந்தாள், வீடு கட்டினார்கள், மகளைக் கட்டிக் கொடுத்தார்கள், மறுபடியும் மாடு வந்தது. "மாட்டை யாருங்க பாப்பாங்க?" என்ற கேள்விக்கு முப்பத்தொரு வருஷத்தில் பதில் கிடைக்கவில்லை. ஊரில் பாதி வீட்டுக்கு மட்டம் பார்த்தவர், எல்லா மட்டத்துக்கும் தாய் மட்டத்தை மட்டும் பார்க்காமலே கிழவராகிக்கொண்டிருந்தார். சில நாள் சாயங்காலம் கலவைத் தொட்டியில் கை கழுவும்போது, தண்ணீர் ஆடி ஆடி அடங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அடங்காத தண்ணீர் எப்படி இருக்கும் என்று மனசு ஏங்கும்.

போன வருஷத்திலிருந்து நிலைமை இன்னும் மோசம். அவர் கடல் என்று வாயெடுத்தாலே தீர்த்தம்மாள் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள். ஒரு மாடு ஒரு நாளைக்கு எத்தனை முறைதான் தண்ணீர் குடிக்கும்? அவளுக்கு ஆசை விட்டுப்போயிற்று என்று மேஸ்திரி முடிவு செய்தார். அப்புறம்தான் தனியாகப் போகிற எண்ணமே வந்தது. அதற்கு ஒரு நியாயமும் கண்டுபிடித்தார். எந்த வேலைக்கும் மேஸ்திரி முதலில் போய் மட்டம் பார்க்க வேண்டும், மற்றவர்கள் பிறகுதான் வர வேண்டும். இது துரோகம் இல்லை, தொழில் முறை.

சிமென்ட் மூட்டைக் காகிதத்தைக் கிழித்து, பென்சிலால் வழி வரைந்தார். கோட்டின் கடைசியில் பெரிதாக ஒரு ஜீரோ போட்டார். மாரண்டஹள்ளியிலிருந்து பாண்டிச்சேரிக்குத் தக்காளி கொண்டுபோகும் வண்டிக்காரர், கூடைகளோடு சைக்கிளையும் ஆளையும் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். எல்லாம் நூல் பிடித்தாற்போலப் போய்க்கொண்டிருந்தது, தீர்த்தம்மாள் கேட்கிற வரைக்கும்.

"சைக்கிளுக்கு எதுக்குங்க இத்தனை எண்ணெய்?"

மேஸ்திரிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழக்கமில்லாதவன் சொன்னால் பெரிய பொய்யாகத்தான் வரும்.

"வேண்டுதல்" என்றார். "முட்டி வலிக்கு. மேல்மருவத்தூருக்கு சைக்கிள்ல வர்றேன்னு வேண்டிக்கிட்டேன்."

தீர்த்தம்மாள் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்து வாசல் வரைக்கும் உருண்டது. (வாசலும் மட்டமில்லை.)

"மருவத்தூருக்கா? அங்க எதுக்குங்க?"

"நீ போன தைப்பூசத்துக்கு மகளிர் குழுவோட போயிட்டு வந்தியே. நல்ல சக்தியுள்ள சாமின்னு நீதான சொன்ன?"

"நான் எப்பச் சொன்னேன்? போனோம், கும்பிட்டோம், நேரா வந்துட்டோம்." முகம் வெளுத்திருந்தது. "முட்டிக்குன்னா தீர்த்தமலைக்குப் போங்களேன். பக்கம்தான்."

"முட்டி வலிக்கு மலை ஏறச் சொல்றியா?"

தீர்த்தம்மாள் யோசித்தாள். பிறகு, "அப்ப முறைப்படி போங்க. செவ்வாடை கட்டி, விரதம் இருந்து. கறி கூடாது, பீடி கூடாது" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் இந்த மனிதரால் இருக்க முடியாது என்பது அவள் கணக்கு.

அவள் சந்தேகப்படுகிறாள் என்று நினைத்த மேஸ்திரி, "இருக்கறேன்!" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். மறுநாளே சிவப்பு வேட்டி, சிவப்புத் துண்டு.

அதன் பிறகு சைட்டில் வேலை ஓடவில்லை. "ஏலேய், கலவையில தண்ணி எவன்டா இவ்ளோ ஊத்துனது" என்று திட்டப் போனால், ஆட்கள் "சொல்லுங்க சாமி" என்று கை கட்டி நின்றார்கள். சாமி எப்படித் திட்ட முடியும்? கலவை தண்ணீராகவே ஓடியது.

ஒரே ஆறுதல் டியூப் மட்டம். நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனைகளையும் இரண்டு சுவரில் பிடித்தால், இரு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதில் பொய் கிடையாது. டியூபுக்குத் தண்ணீர் ஊற்றித் தருவது ஒரு வருஷமாகத் தீர்த்தம்மாள் வேலை. சாமி படத்துக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு வெள்ளைக் கேன் வைத்திருந்தாள்.

"போர் தண்ணி ஊத்துனா பாசி புடிக்குதுங்க. இது காய்ச்சி ஆற வெச்சது. நீங்க தொடாதீங்க, நானே ஊத்தித் தர்றேன்."

பாசி பிடிக்கவில்லை, அது உண்மை. முனையில் மட்டும் வெள்ளையாகப் படிந்தது. டியூபுக்குள் காற்று நின்றுவிட்டால் வாய் வைத்து இழுக்க வேண்டும், அப்போது உப்புக் கரிக்கும். மேஸ்திரி துப்பிவிட்டு, ஊர்த் தண்ணீரை ஒரு வார்த்தை வைதுவிட்டு வேலையைப் பார்ப்பார். பல்லிலும் பானையிலும் காரை படிகிற ஊரில், தண்ணீர் உப்பாக இருப்பதற்கு யார் காரணம் தேடுவார்கள்?

உரக்கடை பச்சியப்பன் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள்.

"சாமி! சைக்கிள்லயே மருவத்தூரா? ஒத்தையிலயா? ஊருல நாங்கெல்லாம் எதுக்கு இருக்கறோம்?"

"வேண்டாம் பச்சியப்பா. என்னோட வேண்டுதல் தனிமையில…"

"அதெல்லாம் முடியாதுங்க சாமி. உங்களுக்கு வழியில முட்டி புடிச்சுக்கிட்டா?"

அன்று சாயங்காலம் நாலு பேர் சேர்ந்தார்கள். மறுநாள் பதினொன்று. அதற்கடுத்த நாள் பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள்: 'மேஸ்திரி மாதப்பன் தலைமையில் மாபெரும் சைக்கிள் யாத்திரை.' கீழே, கலவைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தபோது எடுத்த அவருடைய போட்டோ. சாமியைக் கும்பிடக் கிளம்புகிறவர் போல இல்லை, சாமியிடம் சண்டைக்குக் கிளம்புகிறவர் போல இருந்தது.

வழியையும் பச்சியப்பனே தீர்மானித்தார். திருவண்ணாமலை, செஞ்சி வழியாகப் போவது, தரிசனம், அதே வழியில் திரும்புவது. வழியெல்லாம் மேடு பள்ளம். கடல் வாசனைகூட எட்டாது.

மேஸ்திரி ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். முட்டி பிடித்துக்கொண்டது என்று சொல்லிக் கூட்டத்திலிருந்து நழுவுவது. கூட்டம் கிளம்பிய பிறகு, தக்காளி வண்டியில் ஏறிவிடுவது. கிளம்ப வேண்டிய அன்று விடியற்காலையில் படியில் கால் வைத்ததும், "ஆத்தா!" என்று அலறி உட்கார்ந்தார்.

தீர்த்தம்மாள் ஓடி வந்தாள். எண்ணெய் காய்ச்சினாள், துணி கட்டினாள். ஆனால் அவள் முகத்தில் கவலையைவிட நிம்மதிதான் அதிகமாகத் தெரிந்தது. இதை மேஸ்திரி கவனித்தார், புரிந்துகொள்ளவில்லை.

"போவாதீங்க. சாமி கோவிச்சுக்காது" என்றாள். அதற்குள் பச்சியப்பன் வந்துவிட்டார்.

"சாமி போவ முடியலன்னா பரவால்ல. ஆனா வேண்டிக்கிட்ட சைக்கிள் நிக்கக் கூடாதுங்க. அது குத்தம். சைக்கிளை நான் ஓட்டிட்டுப் போயி, அம்மா சந்நிதியில காட்டிட்டு வந்துடறேன்."

"சைக்கிள் இங்கயே இருக்கட்டும் பச்சியப்பா."

"என்னங்க நீங்க!" என்று தீர்த்தம்மாள் குறுக்கிட்டாள். "தெய்வக் குத்தம்னு சொல்றாரில்ல? எடுத்துட்டுப் போங்கண்ணா." அவளே தள்ளிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தாள். கண்ணில் படாமல் இருந்தால் இந்த மனிதர் எங்கேயும் கிளம்ப மாட்டார் என்று நினைத்தாளோ என்னவோ.

பச்சியப்பன் சீட்டுக்கு அடியிலிருந்த பையைத் திறந்தார். சிமென்ட் காகிதம் வெளியே வந்தது.

"இது என்னங்க சாமி, கோடு கடல் வரைக்கும் போவுது? கடைசியில ஒரு கோழிமுட்டை வேற?"

"அது… சும்மா."

"அட! தரிசனம் முடிச்சுட்டு அப்படியே கடல்ல ஒரு முழுக்கு! யாருக்குமே தோணலியே. சாமி சாமிதான்!"

தைப்பூசத்துக்கு நாலு நாள் முன்னால், காலை ஏழு மணிக்குப் பதினோரு சைக்கிள்கள் கிளம்பின. தலைவர் என்ற முறையில் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டியது மாதப்பன்தான். அவர் சைக்கிளில், அவர் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பச்சியப்பன் முதலில் போனார்.

"உங்க பேரைச் சொல்லிக் கடல்ல ஒரு முழுக்கு சேத்துப் போடறேங்க சாமி!"

அவர்கள் மேட்டில் ஏறி மறைகிற வரைக்கும் மேஸ்திரி நின்றார். உரம் விற்கிறவன் பார்க்கப் போகிறான். டீக்கடைக்காரன் பார்க்கப் போகிறான். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது ஓட முடியாமல் திரும்பி வந்த மாதுப் பயல்கூடப் பார்க்கப் போகிறான். நமக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். அதற்கு மேல், அவர்கள் திரும்பி வருகிற வரைக்கும் விரதம் வேறு இருக்க வேண்டும்.

நொண்ட வேண்டும் என்பதையும் மறந்து, நேராக ராணியம்மாள் வீட்டு மாடிக்குப் போனார். ராணியம்மாள் மகளிர் குழுத் தலைவி, தீர்த்தம்மாளை அக்கா என்றும் இவரை மாமா என்றும் கூப்பிடுகிறவள். அவள் கீழே டீ போட்டுக்கொண்டிருந்தாள். மேஸ்திரி டியூபை விரித்தார். தண்ணீர் குறைவாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் தீர்த்தம்மாள் சாப்பாட்டுத் தூக்கையும் வெள்ளைக் கேனையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். வழக்கம்போல அவளே ஊற்றி நிரப்பினாள். கேனில் கடைசிக் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

மேஸ்திரி அவளையே பார்த்தார். முப்பத்தொரு வருஷமாகத் தனக்கு டியூப் பிடித்த கை. இவளிடமா பொய் சொன்னோம் என்று நெஞ்சு குறுகுறுத்தது.

"தீர்த்தா, நான் ஒண்ணு மறைச்சுட்டேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணுமில்ல. கடலைப் பாக்கத்தான் போவப் பாத்தேன். உன்னை விட்டுட்டு, ஒத்தையில. அதான் சாமியே சைக்கிளைப் புடுங்கிக்குச்சு."

தீர்த்தம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தேம்பித் தேம்பி அழுதாள்.

"அழுவாத புள்ள. நான் பண்ணது தப்புதான்."

"நீங்க இல்லீங்க… நான்தான்…" என்று ஏதோ சொல்ல வந்தவளை மேஸ்திரி முடிக்க விடவில்லை.

"நீ என்ன பண்ணுன? நீ சொன்ன சொல்லைக் காப்பாத்துனவ. நான்தான் மீறப் பாத்தேன். இன்னிமே உன்னை விட்டுட்டுக் கடலை நெனைச்சுக்கூடப் பாக்க மாட்டேன். சத்தியம்."

அவள் இன்னும் பலமாக அழுதாள். சத்தியம் செய்தால் அழுகை கூடுவானேன் என்று மேஸ்திரிக்கு விளங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாத ஆண்பிள்ளை கைவேலையைப் பார்ப்பான். அவர் டியூப் முனையை எடுத்து வாயில் வைத்து இழுத்தார். காற்று போயிற்று, தண்ணீர் வந்தது, வழக்கம்போல உப்புக் கரித்தது. துப்பிவிட்டு, "தூ, இந்த ஊருத் தண்ணியும் ஒரு தண்ணியா" என்றார்.

அப்போது ராணியம்மாள் டீ டம்ளர்களோடு படியேறி வந்தாள். அழுகிற அக்காவைப் பார்த்தாள், வாயைத் துடைக்கிற மாமாவைப் பார்த்தாள், கடைசியாகக் காலியாய்க் கிடந்த கேனைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"ஏக்கா, போன தைப்பூசத்துக்கு வர்ற வழியில டிரைவரு மரக்காணத்துல வண்டியை நிறுத்துனப்ப, 'எங்கூட்டுக்காரரு இன்னும் பாக்கலியே'ன்னு அலையில நின்னு அழுதுகிட்டே மொண்டாந்தியே, அந்தக் கடல் தண்ணிக் கேன்தான இது? மாமா ஒரு வாயாவது வெச்சுப் பாத்தாரா?"